மின்சாரத்துக்குப் பந்தி உண்டா?

கலியாண வீட்டில் முதற் பந்தியில் அமர்ந்தவர்களுக்குப் பாயசம் இரண்டு முறை வரும். கடைசிப் பந்திக்காரர்களுக்குப் பாத்திரத்தைச் சுரண்டும் ஓசைதான் வரும். இது உலக அநுபவம். மின்சாரமும் இந்த வழக்கத்தை அநுசரித்தே நடந்துகொள்ளும் என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் தவறு என்பதைப் பன்னிரண்டு பிராயமுள்ள ஒரு சிறுமி சமீபத்தில் நமக்கு நிரூபித்துக் காட்டினாள்.

அச்சிறுமி நம் சகோதரியின் புதல்வி. அவள் படிக்கும் பெண்கள் பள்ளியில், வகுப்பு நடப்பதைப் பெற்றோர்கள் நேரில் வந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் ஏற்பாடு செய்திருந்தார்கள். சகோதரிக்கு அன்று ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. "மாமா, நீங்களாவது வாருங்கள்" என்று குழந்தை வற்புறுத்தியதால் நாம் போக நேர்ந்தது. விஞ்ஞான பாடம் என்றால் உபாத்தியாயினி கரும்பலகையில் படம் வரைவார், பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள், நாம் கடைசி பெஞ்சியில் சற்றே கண்ணயரலாம் என்ற உத்தேசத்துடன்தான் போனோம். அந்த உத்தேசம் நிறைவேறவில்லை.

நாலு பெண்களுக்கு ஒரு மேஜை. ஒவ்வொரு மேஜையிலும் டார்ச் விளக்கில் போடும் ஒன்றரை வோல்ட் பாட்டரிகள் இரண்டு, சின்னஞ்சிறு டார்ச் பல்புகள் இரண்டு, அவற்றைத் திருகி வைக்க இரண்டு ஹோல்டர்கள், முனையில் உறை சீவிய செப்புக் கம்பிகள், ஒரு ஸ்விட்ச். சாமான்கள் அவ்வளவுதான். மின்சார ஓட்டத்தை அளக்கும் அம்மீட்டர் மட்டும் வகுப்பு முழுமைக்கும் ஒன்றே ஒன்று இருந்தபடியால், அது மேஜைக்கு மேஜை யாத்திரை செய்துகொண்டிருந்தது.

முதலில் ஊகம், பிறகு கம்பி

உபாத்தியாயினி கம்பியைத் தொட ஒருவரையும் அநுமதிக்கவில்லை. "முதலில் எழுதுங்கள், பிறகு செய்யலாம்" என்றார். கேள்வி இதுதான்: இரண்டு விளக்குகளையும் ஒரே கம்பி வழியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, வழியின் இரு முனைகளையும் பாட்டரியில் சேர்த்தால், எந்த விளக்கு அதிகமாக எரியும்? இப்படிக் கோப்பதற்குத் தொடர் இணைப்பு என்று பெயர்.

பெண்களில் பெரும்பாலோர், "பாட்டரிக்கு அருகில் உள்ள முதல் விளக்குத்தான் அதிகமாக எரியும், மிச்சம் இருப்பதுதானே இரண்டாவதற்குப் போகும்?" என்று எழுதினார்கள். நாமும் நம் சட்டைப் பையிலிருந்த ஒரு பழைய கவரின் மேல் அப்படியே எழுதி வைத்தோம். பாயச நியாயத்தின்மேல் நமக்கு அவ்வளவு நம்பிக்கை!

ஸ்விட்சைப் போட்டார்கள். இரண்டு விளக்குகளும் அழுது வடிந்தன. ஆனால், ஏறக்குறைய எல்லா மேஜைகளிலும் இரண்டும் ஒரே மாதிரி அழுது வடிந்தன. முதலாவது, இரண்டாவது என்ற பேதமே தெரியவில்லை.

யாத்திரை செய்யும் அம்மீட்டர் வந்து சேர்ந்தது. முதல் விளக்குக்கு முன்னால் வைத்துப் பார்த்தார்கள்: 0.2 ஆம்பியர். இரண்டு விளக்குகளுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார்கள்: 0.2 ஆம்பியர். இரண்டாவது விளக்கையும் தாண்டி, பாட்டரிக்குத் திரும்பும் வழியில் வைத்துப் பார்த்தார்கள்: அதே 0.2 ஆம்பியர். முதல் விளக்கு மின்சார ஓட்டத்தில் ஒரு துளியைக்கூடக் குடித்துவிடவில்லை.

இது எப்படி? கோயிலில் தரிசனத்துக்குக் காத்து நிற்கும் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு குறுகிய வாசல் இருக்கிறது. நிமிஷத்துக்கு இருபது பேர்தான் அதில் நுழைய முடியும் என்றால், வாசலுக்கு முன்னாலும் பின்னாலும் வரிசை நிமிஷத்துக்கு இருபது பேர் வீதமே நகரும். வாசல் ஆட்களை விழுங்குவதில்லை, எல்லோரையும் மெதுவாக்குகிறது. அதே வழியில் இன்னொரு குறுகிய வாசலையும் வைத்துவிட்டால் முழு வரிசையும் இன்னும் மெதுவாகிவிடும். மின்சார வழியில் விளக்கின் மெல்லிய இழைதான் குறுகிய வாசல். அதற்குத் தடை என்று பெயர். தொடர் இணைப்பில் தடைகள் ஒன்றோடொன்று கூடுகின்றன, ஓட்டம் குறைகிறது. ஓட்டம் எங்கும் ஒன்றுதான். பாட்டரி தரும் மூன்று வோல்ட் அழுத்தத்தை மட்டும் இரண்டு விளக்குகளும் ஆளுக்கு ஒன்றரையாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. செலவாவது ஓட்டம் அன்று, அது சுமந்து வரும் சக்தி.

அழித்து எழுதிய வரி

நம் மருமகளின் மேஜையில் மட்டும் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. அங்கே முதல் விளக்கு நன்றாக எரிந்தது. இரண்டாவது விளக்கில் இழை சிவந்ததோடு சரி. "பார்த்தாயா, நாம் எழுதினதுதான் சரி!" என்று பக்கத்தில் இருந்த பெண் கை கொட்டினாள். நம் கவரை நாமும் பெருமையுடன் ஒரு முறை பார்த்துக்கொண்டோம்.

குழந்தையோ பாட புஸ்தகத்தைப் புரட்டினாள். ஒரே வகை விளக்குகள் இரண்டு தொடர் இணைப்பில் சமமாக எரியும் என்று அதில் போட்டிருந்தது. சுற்றிலும் மற்ற மேஜைகளில் எல்லாம் சமமாகவே எரிந்தன. தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டதாக அவளுக்குப் பயம் உண்டாகிவிட்டது. நோட்டில், "முதல் விளக்கு அதிகமாக எரிந்தது" என்று எழுதியிருந்ததை ரப்பரால் அழித்து, "இரண்டும் சமமாக எரிந்தன" என்று எழுதினாள்.

உபாத்தியாயினி பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"ஏன் அம்மா அழித்தாய்?"

"புஸ்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது, டீச்சர்."

"விளக்கு என்ன சொல்கிறது?"

குழந்தை பதில் சொல்லாமல் தலை குனிந்தாள். உபாத்தியாயினி கோபித்துக்கொள்ளவில்லை. "அழித்ததை மறுபடியும் எழுது. பிறகு இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

பல்புகளை இடம் மாற்றினார்கள். இப்போது நன்றாக எரிந்தது இரண்டாவது இடத்தில் இருந்த விளக்கு! முன்பு முதல் இடத்தில் இருந்து பிரகாசித்த அதே பல்பு, கடைசிப் பந்திக்குப் போன பிறகும் பிரகாசித்தது. ஆகவே, பெருமை இடத்தினால் வந்ததல்ல, பல்பினால் வந்தது. நம் பாயச நியாயம் அந்த இடத்திலேயே உயிர் நீத்தது. நாம் கவரை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டோம்.

குழந்தை இரண்டு பல்புகளையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றின் கழுத்தில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று பொறித்திருந்தது, மற்றொன்றில் 2.5 வோல்ட், 0.2 ஆம்பியர். பழைய பல்பு ஒன்று பழுதாகிப் போய், கடையில் கிடைத்த வேறொன்றை வாங்கிப் போட்டிருந்தார்கள். புஸ்தகமும் பொய் சொல்லவில்லை. விளக்கும் பொய் சொல்லவில்லை. "ஒரே வகை" என்று புஸ்தகம் சொன்னதைத்தான் யாரும் கவனிக்கவில்லை. 0.2 என்று பொறித்த பல்புக்குத் தடை அதிகம். இரண்டிலும் ஓடுவது ஒரே ஓட்டம். ஆகையால் எதில் தடை அதிகமோ அதுவே அழுத்தத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டு அதிகமாக எரிகிறது.

அந்த வரி அழிந்தபடியே இருந்திருந்தால் இத்தனை விஷயமும் அந்த ரப்பர்த் தூளோடு போயிருக்கும்.

பக்கத்தில் பக்கத்தில்

அடுத்த பரிசோதனை பக்க இணைப்பு. இதில் விளக்குகளை ஒரே வழியில் கோப்பதில்லை. பாட்டரியின் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு விளக்குக்கும் தனி வழி. கோயிலில் ஒரே வரிசைக்கு இரண்டு வாசல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து விட்டதைப் போல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே வகைப் பல்புகள் இருந்த மேஜைகளில் இரண்டு விளக்குகளும் தனியாக எரிந்தபோது இருந்த பிரகாசத்தோடு எரிந்தன. ஒன்றைக் கழற்றினால் மற்றொன்று கவலைப்படாமல் எரிந்துகொண்டிருந்தது. தொடர் இணைப்பிலோ ஒன்றைக் கழற்றியவுடன் மற்றதும் அவிந்து போயிற்று. நம் மருமகளின் மேஜையில் இன்னொரு வேடிக்கை: தொடர் இணைப்பில் மங்கிக் கிடந்த 0.3 ஆம்பியர்ப் பல்பு, பக்க இணைப்பில் மற்றதை மிஞ்சிக்கொண்டு எரிந்தது! இரண்டுக்கும் முழு அழுத்தமும் கிடைக்கும்போது, தடை குறைந்த விளக்கு அதிக ஓட்டத்தை ஏற்றுக்கொண்டு அதிகமாக எரிகிறது. அதே இரண்டு பல்புகள்தாம். இணைத்த முறை மாறியதும் ஜயிப்பவரும் மாறிவிட்டார்.

இனி அம்மீட்டர் சொன்ன கணக்கு. ஒரு விளக்கு தனியாக எரியும்போது 0.3 ஆம்பியர். இரண்டைப் பக்க இணைப்பில் வைத்தபோது பாட்டரியிலிருந்து புறப்பட்டது 0.6 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. அந்தச் "சற்றுக் குறைவு" ஏன் என்று ஒரு பெண் கேட்டாள். பாட்டரிக்குள்ளேயும் கொஞ்சம் தடை உண்டு, அதிகமாக இழுத்தால் அது களைத்துப் போகும் என்று விடை வந்தது. தொடர் இணைப்பில் தடை இரண்டு மடங்கு ஆகிறதே, ஓட்டம் பாதியாக 0.15 என்றல்லவா இருக்கவேண்டும், 0.2 எப்படி வந்தது என்று இன்னொருத்தி கேட்டாள். மங்கி எரியும் இழையில் சூடு குறைவு. சூடு குறைந்தால் உலோக இழையின் தடையும் குறைந்துவிடும் என்று அதற்கும் விடை கிடைத்தது. இந்தக் கேள்விகள் நமக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

தம் வரியைத் தாமே திருத்தியவர்

வகுப்பின் நடுவில் உபாத்தியாயினி ஒரு சரித்திரம் சொன்னார். அது நம் மனத்தை விட்டு அகலவில்லை.

மின்தடையின் அளவுக்கு ஓம் என்று பெயர். ஜெர்மனியைச் சேர்ந்த கியார்க் ஓம் என்பவரின் ஞாபகமாக வைத்த பெயர் அது. அவர் கொலோன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். கம்பியின் நீளத்துக்கும் மின்சார ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஆராய்ந்து 1825-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் கண்ட சூத்திரம் பிழையானது. அவர் உபயோகித்த பாட்டரி நிலையாக இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததே காரணம். அவர் பிழையை மறைக்கவில்லை. பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வேறொரு கருவியை வைத்துக்கொண்டு, ஒரு சந்தியைக் கொதிக்கும் நீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் இருத்தி, மாறாத அழுத்தத்தை உண்டாக்கி, அளவுகளை எல்லாம் மறுபடியும் எடுத்தார். 1826-ல் சரியான விதி கிடைத்தது. 1827-ல் புஸ்தகமாக வந்தது. அவருடைய நாட்டில் அதற்கு அப்போது மதிப்பு இல்லை. 1841-ல்தான் லண்டன் ராயல் சொஸைட்டி தன்னுடைய காப்லி பதக்கத்தை அவருக்கு அளித்தது. கிளை கிளையாகப் பிரியும் வழிகளில் ஓட்டம் எப்படிப் பங்காகும் என்ற பொது விதிகளை 1845-ல் வகுத்த கிர்க்காப், அப்போது இருபத்தொரு வயதுக் கல்லூரி மாணவர்.

தெருக்களில் மின்சார விளக்கு வந்தபோது முதலில் வெற்றி பெற்றது தொடர் இணைப்புத்தான். அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரச் சதுக்கத்தில் 1879-ஆம் வருஷம் ஏப்ரலில் சார்லஸ் பிரஷ் என்பவர் பன்னிரண்டு வில் விளக்குகளை எரிய விட்டார். அவருடைய தெரு விளக்குகள் ஒரே வழியில் கோத்தவை. ஒன்று கெட்டால் மற்றவை அணையாமல் இருக்க, ஓட்டத்தைத் தானே சுற்றுவழியில் திருப்பிவிடும் கருவி ஒன்றை அவர் அமைக்கவேண்டியிருந்தது. தெருவுக்கு அது சரி. வீட்டில் அடுக்களை விளக்கை அணைத்தால் கூடத்து விளக்கும் அணையும் என்றால் யார் சம்மதிப்பார்கள்? எடிஸன் பக்க இணைப்பைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அதில் ஓட்டங்கள் கூடிக்கொண்டே போகும், அத்தனையையும் சுமக்கச் செப்புக் கம்பி பருமனாக வேண்டும், செலவு தாங்காது. ஆகவே விளக்கின் இழையை மெல்லியதாக, தடை மிகுந்ததாகச் செய்து ஒவ்வொரு விளக்கும் இழுக்கும் ஓட்டத்தைக் குறைத்தார். 1882-ஆம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி நியூயார்க்கில் அவருடைய மின்சார நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. இன்று நம் வீடுகளில் விளக்கும் விசிறியும் தனித்தனியே இயங்குவது அந்த முறையில்தான்.

அடுக்களையில் ஒரு பாடம்

இவ்வளவும் கேட்ட பிறகு, பக்க இணைப்பே உத்தமம், தொடர் இணைப்பு உதவாக்கரை என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு ஆசையாக இருந்தது. நம் வீட்டு அடுக்களை அதைத் தடுத்தது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் நம் இல்லத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. தாயார்தாம் முதலில் கண்டுபிடித்தார். "என்னடா இது, தோசைக் கல்லைக் கூட இன்னும் வைக்கவில்லை, தீய்ந்த வாசனை வருகிறதே!" என்றார். சுவரில் இருந்த ஒரே பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை இழுத்து, அதில் வெந்நீர்க் கெண்டி, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஒரே சமயத்தில் மாட்டியிருந்தோம். பெட்டியின் கம்பி தொட முடியாமல் கொதித்தது. உறை இளகிப் போயிருந்தது. சுவரில் இருந்த காவல் ஸ்விட்ச், அதாவது எம்.ஸி.பி., அசையாமல் இருந்தது. அது கெட்டுப் போய்விட்டது என்று அன்று அதைத் திட்டினோம்.

வகுப்பிலிருந்து திரும்பிய அன்று மாலை கணக்குப் போட்டோம். கெண்டி 1,500 வாட். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். மிக்ஸி 750 வாட். மொத்தம் 3,250 வாட். வீட்டு மின்சாரத்தின் அழுத்தமாகிய 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 14 ஆம்பியர். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அதன் மெல்லிய கம்பியும் 6 ஆம்பியருக்குச் செய்தவை. பெட்டியில் எத்தனை துவாரம் இருந்தாலும் அத்தனையும் பக்க இணைப்பு; ஒவ்வொன்றிலும் மாட்டுகிற சாமானின் ஓட்டம் அந்த ஒரே கம்பியின் தலையில்தான் ஏறும். வகுப்பில் 0.3 என்பது 0.6-ஆக ஆனதே, அதே விஷயந்தான். எம்.ஸி.பி.யோ 16 ஆம்பியருக்கு உரியது. சுவருக்குள் இருக்கும் பெரிய கம்பியைக் காப்பது அதன் உத்தியோகம். 14 ஆம்பியரைக் கண்டு அது ஏன் அசையப் போகிறது? நாம் திட்டியது நிரபராதியை.

இங்கேதான் தொடர் இணைப்பின் மகிமை தெரிகிறது. வீட்டில் சாமான்கள் எல்லாம் பக்க இணைப்பு. ஆனால் ஒவ்வொரு விளக்குக்கும் அதன் ஸ்விட்ச் தொடர் இணைப்பு. வீட்டுக்கு வரும் வழியில் உள்ள பியூஸும் எம்.ஸி.பி.யும் தொடர் இணைப்பு. "ஒன்று அறுந்தால் எல்லாம் நிற்கும்" என்பது விளக்குகளுக்குள் குற்றம். காவற்காரனிடத்தில் அதுவே குணம். காவற்காரனைப் பக்கத்தில் நிறுத்தினால் என்ன பயன்? வழியிலேயே அல்லவா நிறுத்தவேண்டும்!

திருவிழாக்களில் மரத்தைச் சுற்றிக் கட்டும் சின்ன விளக்குச் சரத்தை நம்மவர் "சீரியல் செட்" என்று சொல்வதும் தொடர் இணைப்பினால் வந்த பெயரே. ஆறு வோல்ட்டுக்குச் செய்த குட்டிப் பல்புகளில் சுமார் நாற்பதைக் கோத்தால், 230 வோல்ட்டை அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். அதில் ஒன்றிரண்டு கெட்டுப்போனால் அவற்றை நீக்கிவிட்டுக் கம்பியை நேராக முறுக்கி விடுகிறவர்கள் உண்டு. சரம் எரியும், ஆனால் மிஞ்சியவற்றின் பங்கு ஏறும், அவை சீக்கிரத்தில் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடும். பணத்தையும் உயிரையும் கருதுகிறவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். சரத்திலே ஒவ்வொரு பல்பும் சின்னதானாலும் கம்பியில் இருப்பது முழு வீட்டு மின்சாரம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பரிசோதனையை இரண்டு டார்ச் பாட்டரிகளை வைத்துக்கொண்டு எந்தக் குழந்தையும் வீட்டில் செய்து பார்க்கலாம். மூன்று வோல்ட்டால் ஆபத்து இல்லை. கம்பியின் இரு முனைகளையும் விளக்கு இல்லாமல் நேரே பாட்டரியில் சேர்க்கவேண்டாம், கம்பி சுட்டுவிடும். சுவரில் உள்ள பிளக்கின் பக்கம் மட்டும் குழந்தைகள் எந்தக் கம்பியையும் கொண்டு போகலாகாது. செய்யும்போது முதலில் ஊகத்தை எழுதச் சொல்லுங்கள். ஊகம் பலிக்காவிட்டால் சிரிக்காதீர்கள். பலிக்காததை அழிக்கவும் விடாதீர்கள்.

நம் மருமகளின் நோட்டு நேற்று திருத்தி வந்தது. அழித்த இடத்தில் காகிதம் சற்று நைந்து, அதன்மேல் மறுபடியும், "முதல் விளக்கு அதிகமாக எரிந்தது" என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே, "இடம் மாற்றினோம், அப்போது இரண்டாவது விளக்கு அதிகமாக எரிந்தது. பல்புகள் ஒரே வகை அல்ல" என்று காண்கிறது. உபாத்தியாயினி பக்கத்தில் சிவப்பு மையினால் ஒரு கோடு இழுத்து, "நன்று" என்று எழுதியிருக்கிறார்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியை நாம் தூக்கி எறிந்துவிட்டோம். இப்போது இஸ்திரி போடுவது கெண்டி கொதித்து இறங்கிய பிறகுதான். "இவ்வளவு நாளாக நான் சொன்னபோது கேட்டாயா?" என்கிறார் தாயார்.